கம்பனிச் சோடாவும் மச்சானின் கையும்

மச்சானின் இடது மணிக்கட்டை முறித்தது நான்தான். தள்ளுமுள்ளுக்குள் தற்செயலாக நடந்தது என்று ஊரில் சிலர் இன்றைக்கும் எனக்காகப் பரிந்து கதைப்பார்கள். அது பொய். சோடாப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தேன். அவன் தடுக்கக் கையை நீட்டியது நன்றாகக் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் இறக்கினேன். பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அந்தத் திருப்தியை மறைப்பதானால் இதை எழுதவே தேவையில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அவனுடைய தங்கையை நான் கட்டுவதற்கு முன்பே அவன் எனக்கு மச்சான்தான். எங்கள் ஒழுங்கை முகப்பில், சந்து தெருவில் ஏறுகிற இடத்தில், சின்னக் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் வீடு. அந்த வீட்டில்தான் மாமாவும், அதாவது என் மாமனாரும், இருந்தார்.

எங்களுடையது கரவெட்டிப் பக்கத்துத் தோட்டக்காரச் சனங்களின் ஊர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும்தான் சீவியம். ஆறு இல்லை, குளத்தை நம்ப முடியாது. நிலத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது, அதற்கும் கீழே கடல்தண்ணீர் நிற்கிறது. அளவாக இறைத்தால் மேலே நிற்கிற நல்ல தண்ணீர் வரும். அளவு மீறினால் கீழே நிற்கிறது மேலே வரும். இதை எங்கள் ஊரில் ஒருவரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. கிணற்றில் துலா மிதித்த காலத்திலிருந்தே எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய கம்பனி வந்து காணி வாங்கியது. நாடு முழுக்கச் சோடாவும் போத்தல் தண்ணீரும் பிஸ்கற்றும் விற்கிற கம்பனி. பத்தடி மதில் எழுப்பி, உள்ளே குழாய்க்கிணறுகள் அடித்து, இரவு பகலாக இறைத்தது. இரண்டாம் வருடம் என் வெங்காயத்தாள் நுனி கருகத் தொடங்கியது. மூன்றாம் வருடம் தேத்தண்ணி உப்புக் கரித்தது. மனைவி கேத்திலின் அடியில் படிந்த வெள்ளைக் கட்டியைக் கரண்டியால் சுரண்டி எடுத்து என் முன்னால் வைத்தாள். எங்கள் காலுக்குக் கீழே இருந்த தண்ணீரை எடுத்து, மூடி போட்டு, எங்களுக்கே விற்றார்கள். அதை நினைக்கிறபோதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்க வரும். இப்போதும் வருகிறது.

எழுதிக் கொடுக்கவேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தோம். ஆராய்ந்து சொல்வதாகச் சொன்னார்கள். கம்பனியின் ஆள் ஒருவர் வந்து, மழை குறைந்துவிட்டதுதான் காரணம் என்று படம் போட்டு விளக்கினார். அன்று மாலை வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். அங்கே எழும்பிப் பேசியவன் நான். கம்பனியின் ஒரு சாமானும் இந்த ஊருக்குள் வாங்கப்படாது என்றேன். சோடா, தண்ணீர், பிஸ்கற் எதுவுமே வேண்டாம். அவனுக்கு வலிக்கிற ஒரே இடம் அவனுடைய கல்லாப்பெட்டி, அதைத் தொடுவோம் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். கனடாவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி அந்தப் பேச்சை முகநூலில் போட்டுவிட்டான். கீழே நூறு பேர் பாராட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கிணற்றில் குளிக்கிற கட்டாயம் இல்லை.

அந்த முடிவு சரியான முடிவு. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரிய கம்பனியோடு மல்லுக்கட்ட எங்களைப் போன்றவர்களுக்கு வேறு எது இருக்கிறது? வழக்குப் பேசக் காசு இல்லை, கொழும்பில் ஆள் இல்லை. கடையில் நின்று, எதை எடுப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கிற கை ஒன்றுதான் இருக்கிறது. நான் ஒருவன் வாங்காமல் விட்டால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். கேட்கிறவன் அன்றைக்கும் ஒரு போத்தல் வாங்கியிருப்பான்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. கலியாண வீடுகளில் தேசிக்காய்த் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். பிள்ளைகள் கம்பனி பிஸ்கற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்பனிச் சாமானை இறக்காமல் விட்டார்கள். கம்பனி லொறி வந்து, கொண்டுவந்த பெட்டிகளை அப்படியே திருப்பிக்கொண்டு போனதை ஒழுங்கைக்குள் நின்று பார்த்து ரசித்திருக்கிறேன். ஒரே ஒரு கடை மட்டும் விற்றுக்கொண்டிருந்தது. அது மச்சானின் கடை.

காரணம் ஒரு பிரிட்ஜ். கண்ணாடிக் கதவு போட்ட, ஆள் உயரச் சிவப்புப் பிரிட்ஜைக் கம்பனி சின்னக் கடைகளுக்குச் சும்மா கொடுக்கும். கம்பனிச் சாமான் விற்கும்வரை அது கடைக்காரனிடம் இருக்கும். விற்காவிட்டால் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மச்சானின் வீட்டில் வேறு பிரிட்ஜ் கிடையாது. மாமாவுக்குச் சலரோகம். காலையும் மாலையும் போடுகிற இன்சுலின் குப்பிகள் அந்தப் பிரிட்ஜின் மேல்தட்டில், சோடாப் போத்தல்களுக்கு மேலே, ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் இருந்தன.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பிரிட்ஜில் அவருக்குத் தேவையானது மேல்தட்டில் இருந்தது. அவருக்கு விருப்பமானது கீழ்த்தட்டில் இருந்தது. மகன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, சிவப்புச் சோடா ஒன்றை உடைத்து அரைவாசி குடித்துவிட்டு, மீதியை வேலிக்கு ஊற்றி, போத்தலைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுவார். நாக்குச் சிவந்திருக்கும். கேட்டால் வெற்றிலை என்பார். அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. தோட்டக்காரன், இரண்டு கண்ணிலும் குறும்பு நிறைந்த மனிதன், கட்டுப்பாடு என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசியதை அவர் ஒருநாளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிரிட்ஜின் கதையை மச்சான் எனக்குப் பொறுமையாகச் சொன்னான். வேறு பிரிட்ஜ் வாங்க வழி பார்க்கிறேன், அதுவரை விடு என்றான். அந்த நேரத்தில் எனக்கு மூக்கு நுனியில் கோபம். கூட்டத்தில் கை தட்டு வாங்கியவன் என்ற மிதப்பும் சேர்ந்துகொண்டது. என் சொந்தக்காரனே என் சொல்லைக் கேட்கவில்லை என்றால் ஊருக்குள் எப்படி முகம் கொடுப்பேன் என்று நினைத்தேன். கடை வாசலில் நாலு பேர் கேட்க அவனைக் கேட்டேன்.

“கம்பனியிட்டை எவ்வளவு வாங்கினனீ?”

அவன் கல்லாப்பெட்டியைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனான். அந்தக் கேள்விக்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில்தான் அந்தப் பிழையைச் செய்தோம். எங்கள் சனங்களுக்கே உரிய பிழை அது. யாழ்ப்பாணத்தில் ஒருவனைத் தண்டிப்பதென்றால், அவனுடைய நன்மை தின்மைக்குப் போகாமல் விடுவார்கள். கலியாணம் நன்மை, செத்தவீடு தின்மை. இரண்டுக்கும் ஊர் வராவிட்டால் ஒரு மனிதன் உயிரோடு இருந்தும் இல்லாதவன். கம்பனிச் சாமான் விற்கிறவனின் நன்மை தின்மைக்கு ஒருவரும் போகக்கூடாது என்று முன்மொழிந்தேன். கம்பனி எங்கள் கலியாணத்துக்கு வருவதுமில்லை, எங்கள் ஊரில் சாவதுமில்லை. அதை ஒதுக்கிவைக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. எட்டுகிற தூரத்தில் ஒருவன் இருந்தான், அவனை ஒதுக்கிவைத்தோம். எங்கள் அப்பன்மார் இதே ஆயுதத்தைத்தான் வைத்திருந்தார்கள். சாதியின் பெயரால் தங்கள் கிணற்றுக்கட்டில் ஏறவிடாமல் எத்தனை குடும்பங்களைக் குடத்தோடு வெளியே நிறுத்தினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தண்ணீருக்காகப் போராடுகிறோம் என்று எழும்பிய நாங்கள் அதை ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் அடிதடிதான். ஒரு காலை கம்பனி லொறியை ஒழுங்கை முகப்பில் மறித்தோம். யார் எறிந்தது என்று தெரியாது, ஒரு முருகைக்கல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. சாரதியின் கன்னம் காதுவரைக்கும் கிழிந்தது. நாற்பது வயதிருக்கும், தெற்குப் பக்கத்துச் சிங்கள மனிதன். சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தம். ‘அண்ணே, அண்ணே’ என்று அவனுக்குத் தெரிந்த தமிழைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எங்களில் ஒருவன் கதவைத் திறந்து அவனை இழுக்கப் போனான். அந்த ஆள் லொறியை மிதித்துத் திருப்பிக்கொண்டு தப்பினான். நாங்கள் சிரித்தோம். என் கையிலும் ஒரு கல் இருந்தது. எறியாமல் மிச்சமாக இருந்த அந்தக் கல்தான் அன்று முழுக்க என்னை அரித்தது.

இரண்டு நாள் கழித்து மச்சானின் கடைக்குப் போனோம். ஆறேழு பேர். பேசத்தான் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஒருவன் மேசையைக் கவிழ்த்தான். பிறகு ஆளுக்கொரு பெட்டி. கண்ணாடிப் போத்தல்கள் சீமெந்தில் விழுந்து வெடித்தன. சிவப்புச் சோடா நுரைத்துக்கொண்டு ஓடியது, கண்ணாடி கிழித்த இரத்தம் எது சோடா எது என்று தெரியாமல் கால்கள் வழுக்கின. மச்சான் பிரிட்ஜின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். “மேல்தட்டிலை அப்பான்ரை மருந்து கிடக்கு” என்றான். அவன் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன். முதலில் சொன்ன சத்தம் அப்போதுதான் கேட்டது. அவன் சரிந்து விழுந்த பிறகு இன்னொருவன் பிரிட்ஜைச் சாய்த்தான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. ஐஸ்கிறீம் டப்பா தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. உள்ளே குப்பிகள் உடைந்திருந்தன.

கடைக்குப் பின்கதவில் மாமா நின்றுகொண்டிருந்தார். வேட்டியைப் பிடித்தபடி, உடைந்த போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திரும்பி உள்ளே போனார்.

மச்சான் ஆசுப்பத்திரிக்குப் போகாமல் முறிவு வைத்தியரிடம் போனான். ஆசுப்பத்திரிக்குப் போனால் பொலிசுக்குப் போகும், பொலிசுக்குப் போனால் தங்கையின் புருசன் உள்ளே போவான் என்று யோசித்தான். பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டினார்கள். எலும்பு கோணலாகப் பொருந்தியது. இதை மனைவிதான் பிறகு எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு போடும்போது கோப்பையை என் முன்னால் தள்ளிவிட்டுப் போவாள்.

மாமாவின் மருந்தை அடுத்த நாளே வேறு எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுப் பிரிட்ஜில் வைத்து, மச்சான் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிப் போய், காலையும் மாலையும் எடுத்து வந்தான். மூன்றாவது கிழமை மாமா நித்திரையிலேயே போய்விட்டார். நெஞ்சுதான் காரணம், அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று டொக்டர் சொன்னார். நான் நம்பினேன். மனைவி நம்பினாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

செத்தவீட்டன்று காலையிலேயே அவள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வெளிக்கிட்டாள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவேண்டும். நான் முற்றத்தில் நின்று, கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, நானே போட்டது, நானே உடைக்கலாமா என்று தொடங்கினேன். அவள் படலையைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“கம்பனிக்கு நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. என்ரை அண்ணையின்ரை கையைத்தான் முறிச்சனீங்கள். இப்ப அப்பாவைத் தூக்கவும் ஆளில்லாமல் ஆக்கிப்போட்டியள். வாறதெண்டால் வாங்கோ. வராட்டி நானும் இனி இந்தப் படலைக்கை வரமாட்டன்.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும்.

மத்தியானம்வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். பறைச் சத்தம் கேட்டது. பறை அடிக்கிறவர்களிடமும் போகவேண்டாம் என்று எங்கள் கட்டுப்பாட்டுக் குழு சொல்லியிருந்தது. உங்கள் கட்டுப்பாடு உங்களோடு, நாங்கள் செத்தவருக்கு அடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போயிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். பிணப்பெட்டியைத் தூக்க நாலு தோள் வேண்டும். மச்சான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போகவேண்டியவன், அதுவும் ஒற்றைக் கை. ஊரில் ஒருவரும் போகவில்லை. வெளியூர்ச் சொந்தம் இரண்டு கிழவர்கள். மற்ற இரண்டு தோளுக்கு என்ன செய்வான்? பறையின் அடி மாறியது. பெட்டியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கால் தானாக நடந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒழுங்கை திரும்பியதும் கண்ணை உறுத்திக்கொண்டு ஒரு சிவப்பு. மாமாவின் முற்றத்தில் கம்பனியின் பெயர் அடித்த பந்தல். அதன் கீழே கம்பனியின் பெயர் அடித்த கதிரைகள். வாசிகசாலைப் பந்தலையும் கதிரைகளையும் நாங்கள் கொடுக்க மறுத்துவிட்டோம், மச்சான் கேட்டதும் கம்பனி அனுப்பிவிட்டது. வாசலில் ஒரு மலர்வளையம், அதிலும் கம்பனியின் பெயர். பக்கத்தில் சோடாப் பெட்டிகள். இருபது பேர்கூட இல்லை. தண்ணீரை எங்களிடமிருந்து எடுத்தவர்கள் கடைசியில் மாமாவின் பிணத்துக்கு நிழலும் கொடுத்துவிட்டார்கள். அந்த நிழலுக்கு வழிவிட்டது நாங்கள்தான்.

பெட்டி படலையால் வெளியே வந்தது. முன்னால் இரண்டு கிழவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னால் சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், பந்தல் கொண்டுவந்த லொறிக்காரர்கள். அதில் ஒருவனின் கன்னத்தில் காதுவரைக்கும் தையல் தழும்பு.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாய்ந்துபோய் அவனுடைய கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் மாமாவை நீ தொடாதே என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. அவன் தடுமாறினான். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே மாமாவின் தலை பலகையில் போய் மோதியது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெண்களின் ஒப்பாரி அப்படியே நின்றுபோனது. என் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் மகன் கையில் பந்தத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லொறிக்காரன் பெட்டியை விடவில்லை. முழங்காலில் விழுந்தும் தோளிலேயே தாங்கிக்கொண்டான். என்னை அடையாளம் கண்டுவிட்டான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. அவன் கன்னத்தில் கல் எறிந்த கூட்டத்தில் ஒருவன் நான். அவன் மெல்ல எழும்பினான்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற மச்சான் திரும்பி வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. கடையில் மருந்தைப் பற்றிச் சொன்னதைத் தவிர மாதக்கணக்கில் என்னோடு கதைக்காதவன் அன்றுதான் வாய் திறந்தான்.

“தோள் குடுக்கிறதெண்டால் குடு. இல்லாட்டி வழியை விடு.”

கிழவர் ஒருவரை விலக்கிவிட்டு முன்பக்கம் நின்றேன். எனக்குப் பின்னால் அதே பக்கத்தில் அந்த லொறிக்காரன். சுடலைவரை அவன் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தது. நான் கால் மாறினால் அவனும் மாறினான், மாறாவிட்டால் பெட்டி ஆடும். வழியில் படலைகளில் நின்று ஊர் பார்த்தது. வாசிகசாலையில் கை தட்டியவர்கள் எல்லாரும் நின்றார்கள். மூன்று பேர் படலையைத் திறந்துகொண்டு வந்து பின்னால் நடந்தார்கள். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

சுடலையில் குடம் தூக்கவேண்டும். செத்தவரின் மகன் தண்ணீர்க்குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சிதையை மூன்று முறை சுற்றுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் கத்தியால் குடத்தில் ஒரு துளை போடுவார். மச்சான் குடத்தைத் தோளில் வைத்தான். மட்டை கட்டிய கை மேலே வரவில்லை. குடம் சரிந்தது. வலது கையைக் கொண்டுவந்து பிடித்தான், அந்தக் கையில் கொள்ளி இருந்தது. இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஐம்பது வயது மனிதன், தகப்பனின் சிதைக்கு முன்னால் தடுமாறிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய அடி.

போய் அவன் பக்கத்தில் நின்று குடத்தின் அடியில் கையைக் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். துளை விழ விழத் தண்ணீர் அவன் முதுகிலும் என் முகத்திலும் அடித்தது. உதட்டில் பட்டது. உப்புக் கரித்தது. அது மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றில் சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் வாளியோடு வாய் வைத்துக் குடித்திருக்கிறோம். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மாமாவுக்காகவா, கிணற்றுக்காகவா, அவனுடைய கைக்காகவா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும்தான்.

எட்டாம் நாள் படையல். செத்தவருக்கு உயிரோடு இருக்கையில் எதெல்லாம் விருப்பமோ அதெல்லாம் இலையில் வைக்கவேண்டும். மனைவி இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். தொலைபேசியில் எனக்குச் சாமான் சொன்னாள். முருங்கைக்காய், பாரைமீன், வாழைப்பழம், சுருட்டு. பட்டியலின் கடைசியில், “அப்பாவுக்குச் சிவப்புச் சோடா வேணும். உங்களாலை ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் போறன்” என்றாள்.

நெல்லியடிச் சந்தைக்குப் போனேன். வாழ்நாளில் ஒரு பொருளை வாங்க அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. ஒரு பிளாஸ்ரிக் போத்தல். பையில் போட்டுத் தரட்டா என்று கடைக்காரன் கேட்டான், வேண்டாம் என்றேன். ஒளித்துக் கொண்டுபோக மனம் வரவில்லை. எங்கள் சந்தியில் குழுக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருவன் என்னோடு கடை உடைக்க வந்தவன். கையில் இருந்ததைப் பார்த்தான். சைக்கிளின் காண்டிலைப் பிடித்து நிறுத்தினான்.

“கம்பனியிட்டை எவ்வளவு வாங்கினனீ?”

நான் பதில் சொல்வதற்குள் அடி விழுந்தது. உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. இரண்டாவது அடியில் சைக்கிளோடு விழுந்தேன். போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தேன். விலாவில் ஒரு உதை. எனக்குக் கை கால் எல்லாம் நல்ல பலம், அவனைப் பிரித்து மேய்ந்திருக்கலாம். என் கோபத்தை எனக்குத் தெரியும், அது எங்கே போனது என்று நானே தேடினேன். அவனைப் பார்க்க என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எழும்பி, சைக்கிளை நிமிர்த்தி, போய்விட்டேன்.

மனைவி என் வாயைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். கிணற்றடியில் சீலைத்தலைப்பை நனைத்துக்கொண்டு வந்து உதட்டைத் துடைத்துவிட்டாள். உப்புத்தண்ணீர், எரிந்தது.

கம்பனி இன்றைக்கும் இறைக்கிறது. எங்கள் கட்டுப்பாடு அந்த வருடமே சிதறிப்போனது. கம்பனி அதை உடைக்கவில்லை. ஒரு கடைக்காரனின் கையும், ஒரு கிழவனின் செத்தவீடும் ஊரின் கண்ணில் பட்ட பிறகு, இதற்குத்தானா சோடா குடிக்காமல் இருந்தோம் என்று சனம் வெட்கப்பட்டு விட்டுவிட்டது. சும்மா வாங்காமல் இருந்த அந்த இரண்டு மாதமும் லொறி திரும்பிப் போனது. அதையே பொறுமையாகச் செய்துகொண்டிருந்திருந்தால் என்று இரவு பகலாக யோசித்திருக்கிறேன். ஒரு பொருளை எடுக்காமல் விடுகிற கை, பக்கத்தில் நிற்கிறவனை அடிக்கப் போகத் தேவையில்லை. இது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. பெரிய கம்பனிகளைப் புறக்கணிக்கவேண்டுமா என்று வாசிகசாலைக்கு வருகிற இளம் ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். ஓம் என்றுதான் சொல்கிறேன். பிறகு மச்சானின் கடையில் போய்ச் சாமான் வாங்குங்கள் என்று அனுப்புகிறேன். அவன் இப்போது கம்பனிச் சாமான் விற்பதில்லை. விற்பனை குறைந்துவிட்டது என்று அவர்களே உடைந்த பிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அந்தக் கம்பனியின் ஒரு பொருளும் வாங்குவதில்லை, ஒன்றைத் தவிர. வருடத்தில் ஒரு நாள், மாமாவின் திவசத்துக்கு, ஒரு சிவப்புச் சோடா வாங்குகிறேன். மச்சான்தான் அதை இலைக்குப் பக்கத்தில் திறந்து வைக்கவேண்டும். அவனுடைய இடது கைக்குப் போத்தலை இறுக்கிப் பிடிக்க இன்னும் ஏலாது. நான் பிடித்துக்கொள்கிறேன், அவன் மூடியைத் திருகுகிறான்.